ஒரே இடத்தில் அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால்

கீழ்த்தளக் கழிப்பறையில் இந்த ஓராண்டில் மட்டும் நான்கு முறை அடைப்பு, ஒவ்வொரு முறையும் பிளம்பர் வந்து கம்பி விட்டுத் திறந்துவிட்டுப் போகிறார், மாதம் ஒருமுறை எந்த மருந்தை ஊற்றினால் இனி அடைப்பே வராது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு கட்டி எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், மாடியில் பிளஷ் செய்தால் கீழே குளியலறைத் தரையின் ஜாலி வழியாகத் தண்ணீர் எழுகிறது என்றும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நீங்கள் மருந்தைக் கேட்டாலும், உங்களை வருத்துவது வேறு கேள்வி: திறந்துவிட்ட குழாய் மூன்றே மாதத்தில் ஏன் மறுபடி அடைக்கிறது? நான் பதில் சொல்ல விரும்புவது அதற்குத்தான். வீடுகளின் கழிவுநீர்க் குழாய் வேலையை மேற்பார்வை பார்ப்பதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் வீட்டில் இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேட வேண்டும், எதில் பணத்தை வீணாக்கக் கூடாது என்று சொல்ல முடியும்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் மோட்டார் கிடையாது, அழுத்தம் கிடையாது. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது, ஓடும்போது கழிவைச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். அதனால் எல்லாமே வாட்டத்தில், அதாவது குழாயின் சரிவில், இருக்கிறது. நான்கு அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்பது நல்ல வாட்டம். அதாவது 10 அடி நீளத்துக்கு 3 அங்குல இறக்கம். ஆறு அங்குலக் குழாய்க்கு 60-க்கு 1 இருந்தாலும் போதும். இந்த வாட்டத்தில்தான் தண்ணீர் விநாடிக்கு முக்கால் மீட்டர் அளவிலான வேகத்தைப் பிடித்து, அடியில் படியும் மண்ணையும் கழிவையும் தானே இழுத்துக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் தண்ணீர் மட்டும் வடிந்து, சுமை பின்தங்கும். வாட்டம் அதிகமானாலும் அடைக்கும், தண்ணீர் முந்திப் போய்க் கழிவை விட்டுவிடும் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் முழுதாக ஏற்பதில்லை. வாட்டம் இல்லாமல் அடைத்த குழாய்களை எத்தனையோ முறை தோண்டிப் பார்த்திருக்கிறேன். நேரான குழாயில் வாட்டம் கூடிப் போனதாலேயே அடைத்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.

சரியாகப் போட்ட குழாய்கூட எட்டு ஆண்டில் வாட்டம் கெடலாம் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. வீட்டின் அடித்தளம் இறுகிய மண்ணில் நிற்கிறது. சுவரை ஒட்டி வெளியே இருப்பதோ கட்டும்போது தோண்டி, பிறகு அள்ளிப் போட்டு மூடிய மண். மழைக்கு மழை அது கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். சுவருக்குள் பதிந்த குழாய் அசையாது, வெளியே இருக்கும் பகுதி மண்ணோடு சேர்ந்து இறங்கும். நடுவில் தொட்டில் போல ஒரு தொய்வு விழும். ஒரு வீட்டில் கேமராவை உள்ளே செலுத்திப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுவரிலிருந்து ஒரு மீட்டர் வரை குழாயின் உட்புறம் சுத்தமாக, வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு லென்ஸ் தண்ணீருக்குள் மூழ்கியது. திரையில் பழுப்பு நிறக் கலங்கலும், மெல்ல மிதந்து போகும் முடிக்கற்றையும் மட்டும்தான். இரண்டு மீட்டர் தள்ளியதும் கேமரா மேலே எழுந்தது, மறுபடி சுத்தமான குழாய். அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளாகக் கம்பி விட்டவர்கள் யாரும் பொய் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தத் தொய்வில் தேங்கியதைக் கலைத்துத்தான் விட்டார்கள். தொய்வு அங்கேயே இருந்ததால் மறுநாளே அது நிறையத் தொடங்கியது. ஒன்பதடி நீளத்துக்குத் தோண்டி, குழாயைத் தூக்கி, அடியில் நன்றாக இடித்து இறுக்கி, மணல் பரப்பி மறுபடி வைத்தோம். பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் இதேதான் என்று சொல்லவில்லை. ஆனால் அடைப்பு எங்கே என்பதை நீங்களே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாஷ்பேசின் மட்டும் மெதுவாக வடிந்தால் கோளாறு அதன் அடியில் இருக்கும் வளைவில்தான். மாடியில் விட்ட தண்ணீர் கீழ்த்தள ஜாலியில் எழுகிறது என்றால், மாடிக் குழாய் வந்து சேரும் இடத்துக்கும் அப்பால், பொதுவாகப் போகும் குழாயில் தடை இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீர் உண்மையிலேயே மேலே ஏறுகிறதா, அல்லது குமிழி மட்டும் வருகிறதா? குமிழி மட்டும் என்றால் அது காற்றுப் போக்கின் குறையாகவும் இருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன். அடுத்த முறை அடைக்கும்போது, கம்பிக்காரரை அழைக்கும் முன் வெளியே இருக்கும் சேம்பர்களின் (குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டிகளின்) மூடிகளை வரிசையாகத் திறந்து பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்துச் சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். அது நிறைந்து, அடுத்தது காய்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில். எல்லாம் நிறைந்திருந்தால் தெருக் குழாயிலோ செப்டிக் டேங்கிலோதான் பிரச்சினை, உங்கள் குழாயைக் குத்துவதில் பயனே இல்லை. பார்த்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு முறை ஒரே இடம் வந்துவிட்டால், பெரும்பாலும் அந்த இடத்தில் குழாயோ சேம்பரோ கெட்டிருக்கிறது.

சேம்பரைத் திறந்தபோது அதன் தரையையும் பாருங்கள். நல்ல சேம்பரின் அடியில் பாதிக் குழாய் போன்ற வாய்க்கால் ஒன்று நுழைவிலிருந்து வெளியேற்றம் வரை ஓடும். அதன் இரு பக்கமும் சிமெண்டில் சரித்துப் பூசியிருக்கும். பல வீடுகளில் இந்த வாய்க்காலே இருக்காது. தட்டையான தரை, சில இடங்களில் வெளியேறும் குழாயைவிடத் தாழ்ந்த பள்ளம். அதில் கழிவு தங்கிக் காய்ந்து கட்டியாகும். ஒரு நாள் அந்தக் கட்டி பெயர்ந்து குழாயின் வாயில் போய் உட்காரும். ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை, அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிற வீடுகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. வளைவுகளும் இப்படித்தான். மாடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் குழாய் தரைக்கு வந்து திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை எல்போவைப் போடக் கூடாது. இரண்டு 45 பாகை வளைவுகளாகப் போட வேண்டும். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் நேர்க்குறுக்காகச் சேரும் டீ அல்ல, ஓட்டத்தின் திசையில் சாய்ந்து சேரும் ஒய் வேண்டும்.

இனி குழாய்க்குள் போவதைப் பற்றி. சமையலறையில்தான் பெரும் தவறு நடக்கிறது. சூடான எண்ணெயும் கொழுப்பும் தொட்டியில் ஊற்றும்போது தண்ணீர் போல ஓடும். குழாய்க்குள் ஆறியதும் சுவரில் ஒட்டும். அத்தோடு நிற்பதில்லை, தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து சோப்புக்கட்டி போன்ற கெட்டிப் பொருளாக மாறும். வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் கொழுப்பைச் சில அடி தள்ளி வைக்கிறார்கள், அவ்வளவுதான். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது பி.வி.சி. குழாய்க்கும் ஆகாது. அது ஏறத்தாழ 80 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் பொருள். பாத்திரத்தைக் கழுவும் முன் எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய காகிதத்தால் வழித்துக் குப்பையில் போடுவதைவிட எளிய காப்பு எதுவும் இல்லை.

கழிப்பறையில் ஈரத் துடைப்புத் தாள்கள், நாப்கின், பஞ்சு, பல் இடுக்கு நூல், ஆணுறை எதுவும் போகக் கூடாது. பிளஷ் செய்யலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் ஈரத் தாளைப் போடாதீர்கள். கழிப்பறைக் காகிதம் தண்ணீரில் சில நிமிடங்களில் நார் நாராகப் பிரியும். ஈரத் தாள்களில் பெரும்பாலானவை அப்படிப் பிரிவதில்லை, பலவற்றில் பிளாஸ்டிக் இழையே கலந்திருக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாளியில் இரண்டையும் போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கலக்கிப் பாருங்கள். லண்டனில் 2017-இல் ஒயிட்சேப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளமும் சுமார் 130 டன் எடையும் கொண்ட ஒரே கட்டியைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பகுதி கொழுப்பும் இந்த ஈரத் தாள்களும்தான். அத்தனை பெரிய குழாயையே அடைத்த கூட்டணிக்கு உங்கள் நான்கு அங்குலக் குழாய் எம்மாத்திரம்! குளியலறைக்கு, முடியைத் தடுக்கும் சிறு வலை ஒன்று போதும், வாரம் ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்தால்.

நீங்கள் கேட்ட மருந்துக்கு வருகிறேன். கடைகளில் விற்கும் அடைப்பு நீக்கிகளில் பெரும்பாலானவை காஸ்டிக் சோடா, சில வகைகள் அமிலம். வாஷ்பேசினுக்கு அடியில் சிக்கிய முடியையும் கொழுப்பையும் காஸ்டிக் ஓரளவு கரைக்கும் என்பது உண்மை. ஆனால் பத்தடிக்கு அப்பால் தேங்கிய நீரில் அது நீர்த்துப் போய்விடும். வாட்டத்தைச் சரி செய்யாது, துணியைக் கரைக்காது, வேரைக் கரைக்காது. சில நேரம் அதுவே அடியில் இறுகிக் கல்லாகும். இதில் எனக்குப் பொறுமை குறைவு, காரணம் உண்டு. ஒரு வீட்டில் காஸ்டிக் ஊற்றியதைச் சொல்லாமல் எங்களைக் கூப்பிட்டார்கள். என்னோடு வேலை செய்தவர் கம்பியைச் செலுத்தி இழுத்தபோது தேங்கியிருந்த நீர் முகத்தில் தெறித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் அவர் குழாயடியில் உட்கார்ந்திருக்க, அரை மணி நேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். பார்வை பிழைத்தது, ஆனால் இமையில் தழும்பு இருக்கிறது. ஏதாவது ஊற்றியிருந்தால் வேலைக்கு வருபவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகப் போடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சமையல் சோடாவும் வினிகரும் கலந்து ஊற்றும் வழியையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிக் கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான், திறந்த குழாயில் அந்த நுரைக்குத் தள்ளும் வலு இல்லை. நொதிகள், நுண்ணுயிரிகள் அடங்கிய பொடிகளைப் பற்றி அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். இரவு முழுவதும் தண்ணீர் ஓடாத சமையலறைக் குழாயில் கொஞ்சம் பயன் தரலாம். ஆனால் உருவான அடைப்பை அவை திறந்து நான் பார்த்ததில்லை. செப்டிக் டேங்கில் போடுவதால் வண்டல் அள்ளும் தேவை நீங்கிவிடாது என்பது மட்டும் நிச்சயம். மாதம் ஒருமுறை ஏதாவது ஊற்றியே ஆக வேண்டும் என்றால் தண்ணீரை ஊற்றுங்கள். குழாய் திறந்திருக்கும் நாளில், இரண்டு பெரிய வாளி நிறையத் தண்ணீரைக் கழிப்பறைக் கோப்பையில் ஒன்றன்பின் ஒன்றாக, தெறிக்காத அளவுக்கு வேகமாகச் சாய்த்து விடுங்கள். இப்போதைய பிளஷ் தொட்டிகள் முழு அழுத்தத்துக்கு 6 லிட்டரும் பாதிக்கு 3 லிட்டரும் விடுகின்றன. நீளமான, வாட்டம் குறைந்த குழாயில் 3 லிட்டர் கழிவைப் பாதி வழியில் விட்டுவிட்டு வடிந்துவிடும். மலம் கழித்தால் முழு பிளஷ் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

காற்றைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். ஒவ்வொரு ஜாலிக்கும் கோப்பைக்கும் அடியில் வளைந்த டிராப் இருக்கிறது. அதில் இரண்டு அங்குலம் அளவுக்கு நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுக்கும் ஒரே கதவு. மேலிருந்து மொத்தமாகத் தண்ணீர் இறங்கும்போது குழாய்க்குள் காற்று முன்னால் தள்ளப்படும், பின்னால் உறிஞ்சப்படும். மொட்டை மாடிக்கு மேல் திறந்து நிற்கும் வென்ட் குழாய் அந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கிறது. நாற்றம் வருகிறது என்று அதை மூடி போட்டு அடைத்த வீடுகள் உண்டு, பறவைக் கூட்டால் அடைந்தவையும் உண்டு. அப்போதுதான் ஜாலியில் குமிழி வரும், டிராப்பில் உள்ள தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் காலியாகும். பயன்படுத்தாத குளியலறையில் அந்த நீர் தானாகவே ஆவியாகிப் போகும். அதை அற்பமாக நினைக்காதீர்கள். 2003-இல் ஹாங்காங்கின் ஆமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியபோது, குளியலறைத் தரை டிராப்புகள் வறண்டு கிடந்ததும் ஒரு முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது. அங்கே தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே பழகியிருந்தார்கள், குளியலறை மின்விசிறிகள் வறண்ட டிராப் வழியாகச் சாக்கடைக் காற்றை உள்ளே இழுத்தன. ஆளில்லாத குளியலறைக்கும் வாரம் ஒரு குவளை தண்ணீர் விடுங்கள்.

மழைக் காலத்தில் மட்டும் தொல்லை கூடினால் மொட்டை மாடி மழைநீரை யாராவது கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதைப் பிரித்துவிட வேண்டும். தெருக் குழாய் நிரம்பி வீட்டுக்குள் எதிர்த்து வருகிறது என்றால் கடைசிச் சேம்பரில் ஒருவழி வால்வு பொருத்தலாம். ஆனால் அதைத் திறந்து சுத்தம் செய்ய இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் வால்வே அடைப்பாகும். செப்டிக் டேங்க் இருந்தால், அடியில் படிந்த வண்டலும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது அள்ளிவிட வேண்டும். பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. அருகில் மரம் இருந்தால், குறிப்பாகச் சிமெண்ட் பூசி இணைத்த பழைய களிமண் குழாயாக இருந்தால், வேரைச் சந்தேகியுங்கள். இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஈரத்தைத் தேடி நூல் போல நுழைந்து உள்ளே கூந்தலாக விரியும். வெட்டி எடுத்தால் மறுபடி வளரும், அந்த இணைப்பை மாற்றுவதுதான் தீர்வு.

இதைப் படிக்கிற எல்லோரிடமும் கைகூப்பிக் கேட்கிறேன்: செப்டிக் டேங்கிலோ ஆழமான சேம்பரிலோ எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். ஆனால் செறிவு கூடினால் அதே வாயு மூக்கின் நுகரும் திறனை மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் கணத்தில்தான் மனிதர் சரிகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அங்கேயே விழுகிறார். உறிஞ்சும் வண்டியும் நீர் பாய்ச்சும் இயந்திரமும் இருக்கின்றன, மேலிருந்தபடியே செய்யச் சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. சேம்பர்கள் ஆழமில்லாமல், மேலிருந்தே கை எட்டுகிறவையாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் (இரண்டு இடங்களின் மட்டத்தை ஒப்பிட உதவும், உள்ளே தெரியும் குழாய்) ஒன்றைக் கொத்தனாரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டை ஒட்டிய சேம்பரிலும் அடுத்ததிலும் அதைப் பிடித்து, டியூபின் நீர் மட்டத்திலிருந்து சேம்பரிலுள்ள கழிவுநீர்க் குழாயின் அடி வரை இரண்டு இடத்திலும் அளவெடுங்கள். சேம்பர்களுக்கு நடுவே 4 மீட்டர் தூரம் என்றால் வித்தியாசம் சுமார் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பிறகு குழாயில் யாரும் தண்ணீர் விடாத நேரத்தில் ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்து, மறுமுனையில் சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்து உள்ளே பாருங்கள். வெளிச்சம் முழு நிலவாக வட்டமாகத் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. பிறை போலத் தெரிந்தாலோ, தெரியவே இல்லை என்றாலோ நடுவில் தொய்வு அல்லது தடை. வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர், தெரிந்தது வட்டமா பிறையா, சேம்பர் தரையில் வாய்க்கால் இருக்கிறதா, இந்த மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். தோண்டித்தான் ஆக வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.